பெந்த்ரு

எங்கள் பிரேசர் டவுன் வீட்டில் முதலில் விழிப்பது குளியலறைதான். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா தாமிர பாய்லரில் தேங்காய் ஓட்டையும் மட்டையையும் போட்டுப் பற்ற வைப்பாள். ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவுவதும், புகை கொல்லைக் கதவு வழியாக வெளியேறுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். காவேரித் தண்ணீர் 1974இலேயே பெங்களூருக்கு வந்துவிட்டாலும் குளிக்க எங்களுக்குக் கிணற்று நீர்தான். கடினமான நீர். பாய்லருக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடு கட்டும். மாதம் ஒரு முறை அம்மா புளி போட்டுத் தேய்ப்பாள்.

அந்த வெந்நீரில் ஆயா நொச்சி இலை போட்டு, பித்தளை அண்டாவில் முழங்கால் வரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டிசம்பர் வந்தால் அவள் முட்டி இரண்டும் வீங்கிவிடும். கோல்ஸ் பார்க் வரை நடந்து போய் வந்தவள், வாசல்படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். முடக்கத்தான் கீரை அரைத்த தோசை, தைலம், ஒத்தடம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. 1898இல் பிளேக் வந்து கன்டோன்மென்ட்டே கலங்கிப்போன பிறகு, காற்றும் வெளிச்சமும் வர அகலத் தெரு விட்டுக் கட்டிய பேட்டை எங்களுடையது. 1906இல் அடிக்கல் நாட்டினார்கள். நோயை வெளியே நிறுத்தத்தான் இந்த ஊரையே கட்டினாங்க என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஆயாவின் முட்டிக்கு மட்டும் அந்த அகலத் தெருவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வழி சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. தென்கன்னடத்துப் புத்தூர்க்காரர், வீட்டில் துளு பேசுவார். "எங்க ஊர்ல பெந்த்ரு தீர்த்தம் இருக்கு ஆயா. அஞ்சு நாள் இறங்கிப் பாருங்க" என்றார்.

"பெந்த்ருன்னா இன்னா?"

"துளுவுல சூடு தண்ணி."

எனக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூடத்தில் கன்னடம். தமிழின் 'வ' அங்கே 'ப' ஆகும் என்று எந்த டீச்சரும் சொல்லித்தராமலே தெருவிலிருந்து கற்றிருந்தேன். வெண்ணெய் பெண்ணெ, வேர் பேரு, வா பா. "ஆயா, அது நம்ம வெந்நீர்தான்!" என்று கத்தினேன். ஆயா சிரித்தாள். போகலாம் என்று அவள் முடிவெடுத்தது அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

1982 கிறிஸ்துமஸ் விடுமுறை. மாஸ்க் ரோட்டு வீடுகளில் காகித நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தன. ஆயா, அம்மா, நான், அந்த அக்கா நால்வரும் மெஜஸ்டிக்கில் இரவு பஸ் ஏறினோம். ஹாசன், சக்லேஷ்பூர், பிறகு சிராடி மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் ஆயா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். உப்பினங்கடி தாண்டும்போது விடிந்தது. குளிர் எங்கோ மலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

புத்தூரிலிருந்து இர்தெ கிராமத்துக்கு இன்னொரு பஸ். அதன் பிறகு பாக்குத் தோப்புக்குள் நடை. தீர்த்தம் என்றதும் கோபுரமும் கடைத்தெருவும் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இருந்தது ஒரு குளம். கல் கட்டிய கரை, பாசி ஏறிய படிகள். ஆனால் பார்ப்பதற்கு முன்பே மூக்குக்கு வந்துவிட்டது. அவித்த முட்டையின் ஓட்டை உரிக்கும்போது வருமே, அந்த வாசனை. நான் மூக்கைப் பொத்தினேன். ஆயா ஆழமாக இழுத்து மோந்தாள். "கந்தகம்டி. இதுதான் மருந்து."

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. எரிமலை எதுவும் வேண்டியதில்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போக, கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி என்று பூமியே சூடாகிறது. அங்கே பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொண்ட நீர் இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வந்துவிடுகிறது. எங்கள் பாய்லருக்குள் ஓடு கட்டியதும் இதே மாதிரி பாறையிலிருந்து கரைந்த உப்புதான். இங்கே அடுப்பு மட்டும் வெகு ஆழத்தில்.

அக்காவின் சட்டங்கள் கண்டிப்பானவை. வெறும் வயிற்றில் இறங்க வேண்டும். சோப்பு கூடாது. ஏறிய பிறகு வேறு தண்ணீர் ஊற்றக் கூடாது. துவட்டிக்கொண்டு நிழலில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், அதன் பிறகுதான் கஞ்சி.

முதல் நாள் ஆயா படி இறங்கியதை எப்படிச் சொல்வது? ஒரு கை அம்மா தோளில், ஒரு கை என் தலையில். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. சூடு காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற அளவுதான். இடுப்பளவு போனதும் புடவை குடை மாதிரி விரிந்து மிதந்தது. கழுத்தளவு நீரில் உட்கார்ந்தபோது அவள் முகம் மாறிவிட்டது. புருவத்தின் நடுவில் எப்போதும் இருக்கும் அந்த முடிச்சு அவிழ்ந்துபோய், யாரோ வேறு பெண் மாதிரி இருந்தாள். "காலு என்னுதே இல்லாத மாதிரி இருக்குடி" என்றாள். கழுத்தளவு நீர் உடம்பின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும், சூட்டில் இறுகிய தசை இளகும் என்று பின்னால் படித்தபோதெல்லாம் அந்த முகம்தான் என் முன்னால் வந்தது.

மூன்றாம் நாள் என் வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டது. முதலில் தேன் நிறம், பிறகு நீலம், பிறகு கரி. அழுதேன். கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும் என்று எனக்கு யார் சொல்வார்கள்? அம்மா பல்பொடி வைத்துத் தேய்க்கப் போனாள். ஆயா தடுத்தாள். "வெள்ளிக்குள்ளயே பூந்திருக்கு பாரு. அப்போ என் எலும்புக்குள்ளயும் பூந்திருக்கும்."

ஐந்தாம் நாள் காலை துணி தப்பும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆயா கடைசிப் படியில் குந்தி உட்கார்ந்திருந்தாள். முட்டி இரண்டும் முழுதாக மடங்கி, தாடை வரை வந்திருக்க, தன் புடவையைத் தானே கசக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வாயைத் திறக்காமல் நின்றாள். கூப்பிட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்தவள் போல.

வீடு திரும்பிய பிறகு அந்தச் சுகம் சில வாரங்கள் நின்றது. அப்புறம் வலி பழையபடி வந்தது. தீர்த்தம் ஏமாற்றிவிட்டது என்று ஆயா ஒருநாளும் சொன்னதில்லை. "ஒரு மண்டலம் இருக்கணும். நாப்பத்தெட்டு நாள். நாம அஞ்சு நாள் குடுத்துட்டு அவ்ளோதானே வாங்க முடியும்?" என்பாள். வீட்டுப் பெண் ஒருத்தி நாற்பத்தெட்டு நாள் அடுப்பை விட்டுவிட்டுத் தண்ணீரில் உட்கார்ந்திருக்க எந்தக் குடும்பம் விடும்? பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊருக்கு வாரக்கணக்கில் போய்த் தங்கினார்கள், அந்த ஊர்ப் பெயரே உலகத்துக்குப் பொதுப்பெயர் ஆனது என்று படித்தபோது எனக்கு ஆயாவின் கணக்குதான் நினைவுக்கு வந்தது. பிற்காலத்தில் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டு நின்றேன். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் வாளால் குத்திய இடம் என்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஏழையும் மோந்து பார்த்தேன்.

அந்த மோப்பம் ஆயாவிடமிருந்து வந்தது. பெந்த்ரு போய்வந்த அடுத்த வருஷம் குளிர்காலத்தில், பித்தளை அண்டாவில் காலை வைத்தபடி அவள் சொன்னாள்: "எல்லாம் சரிதான். அந்த வாசனைதான் வரமாட்டேங்குது."

தீக்குச்சியிலும் கந்தகம் உண்டு என்று அப்பா சொல்லிக் கேட்டிருந்தேன். சமையலறையிலிருந்து சிவகாசிப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து, அண்டா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குச்சியாக உரசி, எரியும்போதே தண்ணீரில் அமிழ்த்தினேன். சுஸ், சுஸ். பத்துப் பதினைந்து குச்சி மிதந்தது. தீபாவளி வாசனைதான் வந்தது, முட்டை வாசனை வரவில்லை.

ஆயா கண்ணை மூடிக்கொண்டாள். புருவத்து முடிச்சு மெல்ல இளகியது.

"இன்னும் ரெண்டு போடுடி" என்றாள்.