அரை மணி முந்திய வானொலி

எங்கள் வீட்டில் இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் காட்டியது இந்திய நேரம். அடுப்படித் திண்ணையில் இருந்த சைனா செட் சொன்னது இலங்கை நேரம். "சூரியன்ல எட்டரை சொல்லிட்டாங்க, இன்னும் சடை பின்னாம நிக்கிற" என்று அம்மா சத்தம் போட்டால் எங்களுக்கு மணி எட்டு. பாம்பனில் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை. கடும் மின்தட்டுப்பாடு வந்த 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. சில மாதங்களில் அதை அரை மணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரல் வரை அந்த நாடு எங்களைவிட அரை மணி முந்தியே இருந்தது. காரணமெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டதுதான். சின்ன வயதில், கடலுக்கு அந்தப் பக்கம் சூரியன் முதலில் உதிப்பதால் அவர்களுக்கு நேரமும் முந்துகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சூரியன் என்று நான் சொல்வது கொழும்பிலிருந்து ஒலிபரப்பான சூரியன் எஃப்.எம். நம் ஊரில் சன் குழுமம் நடத்தும் சூரியன் பண்பலை வேறு. இரண்டுக்கும் பெயரைத் தவிரத் தொடர்பு கிடையாது. மதுரையிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். பாம்பனிலிருந்து மதுரை நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னாரோ முப்பது கிலோமீட்டர்தான். 2000க்குப் பிறகு தமிழ்நாட்டில் தனியார் பண்பலைகள் வந்தபோது சென்னை, கோவை, நெல்லை என்று நகரங்களுக்குத்தான் வந்தன. அந்தக் குரல்கள் எங்கள் தீவை எட்டவில்லை. எங்கள் காதில் விழுந்த முதல் தனியார் வானொலி வேறொரு நாட்டுடையது. ஆனால் அதைவிட உள்ளூரான ஒரு வானொலியை நான் இன்றுவரை கேட்டதில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. பெரியப்பாவின் தலைமுறை முழுக்க இலங்கை வானொலியில் வளர்ந்தது. ரேடியோ சிலோன் 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். 1957 அக்டோபரில் விவித் பாரதி வரும்வரை பாட்டு கேட்க வேண்டுமென்றால் சிலோன்தான். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று பெரியப்பா பெயர்களைச் சொல்லும்போது உறவுக்காரர்களைச் சொல்வதுபோல இருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த காலத்தையும் அவர் பார்த்திருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் போர் மூண்டு கப்பல் நின்றது. ஆட்கள் போவதும் வருவதும் அற்றுப்போன பிறகும் குரல் வருவது நிற்கவில்லை.

1998 ஜூலையில் சூரியன் எஃப்.எம். வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சக்தி எஃப்.எம். அதுவரை எங்கள் வீட்டில் மத்திய அலைதான். மின்னல் வெட்டினால் பாட்டு பாதியில் கரகரக்கும். பண்பலையில் அந்தக் கரகரப்பு இல்லை. பெரியப்பா புது செட் வாங்கி வந்த அன்று ஓட்டுக்கு மேலே செம்புக் கம்பி இழுத்து, மூங்கில் கழியில் கட்டி, முற்றத்தில் நின்றுகொண்டு, "கம்பியக் கொஞ்சம் கெழக்க திருப்புத்தா" என்றார். நான் திருப்பினேன். மூச்சு விடுவது கேட்கிற தெளிவில் ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது.

எல்லா நாளும் அந்தத் தெளிவு இருக்காது. பண்பலை அலை நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். எங்களுக்குத் துணையாக இருந்தவை இரண்டு. இடையில் மலையோ கட்டடமோ இல்லாத கடல் ஒன்று. காற்று இன்னொன்று. பங்குனி, சித்திரையில் காற்று அடங்கிய இரவுகளில் கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேலே சூடான வறண்ட காற்றும் அடுக்காகப் படிந்து நிற்கும். மேலே போக வேண்டிய அலை அந்த அடுக்கில் வளைந்து, கடலை ஒட்டியே வெகுதூரம் ஓடிவரும். அந்த இரவுகளில் சூரியன் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும். ஐப்பசி அடைமழையில் மங்கிப்போகும். பெரியப்பாவுக்கு இந்த விளக்கம் தெரியாது. ஆனால் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தே, இன்றைக்கு எந்த நிலையம் எடுக்கும் என்று சொல்லிவிடுவார்.

என்ன கேட்டோம்? பாட்டுத்தான் முதலில். சென்னையில் வெளியான படத்தின் பாட்டு கொழும்பைச் சுற்றிக்கொண்டு பாம்பனுக்கு வந்தது. பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர்கள் பேசிய தமிழை நான் பாட்டைவிட விரும்பினேன். தொலைபேசியில் அழைத்தவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்தும் பேசினார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு இழுவை. அழைத்தவர் எந்த ஊர் என்று அவர் சொல்லுமுன் கண்டுபிடிப்பது எனக்கும் அக்காவுக்கும் விளையாட்டு.

அப்புறம் விளம்பரம். வர்த்தக வானொலியை அதன் விளம்பரத்தை விட்டுவிட்டு நினைக்கவே முடியாது. மலிபன் பிஸ்கட்டும் ஆங்கர் பால்மாவும் கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளும் எங்கள் வீட்டுக்குள் நாள் முழுக்கப் பேசின. பாம்பன் கடைத்தெருவில் அவற்றில் ஒன்றும் கிடைக்காது. ஒரு விளம்பரக்காரருக்கும் நாங்கள் வாடிக்கையாளர்கள் இல்லை. எங்களை எண்ணிக் கணக்கில் சேர்த்தவர் யாருமில்லை. ஆனாலும் அந்தப் பொருள்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த தோழி ஒருத்தி ஆங்கர் மாவைத் தண்ணீரில் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கித் தின்றதைச் சொல்வாள். அவள் சொல்லித்தான் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

முகாமில் வானொலி வேறு காரியத்துக்காக ஓடியது. சனிக்கிழமைகளில் பாலம் தாண்டி மண்டபத்துக்கு அவள் வீட்டுக்குப் போவேன். பத்தடிக்குப் பத்தடி அறை, சாக்குப் படுதா, வாசலில் பானை. அவள் அம்மம்மா செட்டைக் காதோடு ஒட்டி வைத்திருப்பார். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வரும் நேரம் அவருக்கு அத்துப்படி. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், கணவர் பெயர், பிள்ளைகள் பெயர், பிள்ளைகள் இருக்கும் நாடு என்று ஒவ்வொருவராக வாசிப்பார்கள். காசு கட்டிக் கொடுக்கும் அறிவித்தல்தான். ஆனால் கடிதம் போகாத, தொலைபேசி இல்லாத ஊர்களுக்கு அதுதான் தந்தி. அது முடிந்ததும் முள்ளைத் திருப்பி சூரியன் செய்தி, அதன் பிறகு சக்தி செய்தி. வவுனியா, மன்னார், கிளிநொச்சி என்று ஊர்ப்பெயர் வரும்போதெல்லாம் அம்மம்மா கையை உயர்த்துவார்; அறையில் யாரும் பேசக் கூடாது.

செய்தி என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. தொடங்கிய நாளிலிருந்து விதி அதுதான். பின்னாளில் வந்த தளர்வுகூட, ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்ற அளவுக்குத்தான். கடல் தாண்டியிருந்த நிலையங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் நாளுக்குப் பல முறை, பாட்டை நிறுத்திவிட்டு, தங்கள் செய்தியாளர்கள் திரட்டிய செய்தியைச் சொன்னார்கள். எங்கள் கரைக்கு அது உயிர்ச் சமாச்சாரம். ராமேஸ்வரம், பாம்பன் பகுதி விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். மீன்துறையில் டோக்கன் வாங்கி, விடிவதற்குள் நெடுந்தீவுப் பக்கமோ தலைமன்னார்ப் பக்கமோ போய்விடுவார்கள். போன படகு திரும்ப நேரமானால் கரையில் இருப்பவர்களுக்கு விவரம் சொல்ல ஆளில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன செய்தி சில நாள் நம் பத்திரிகையில் வருவதற்கு முன்னால் அந்த வானொலியில் வந்தது. மன்னார் நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டபோது என் சித்தி மண்ணில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. அது துக்கத்து அழுகை இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அந்த வரியில்தான் அவளுக்குத் தெரிந்தது.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலையைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த நாளில் முகாமே வெளியே வந்து நின்றது. வானொலியின் குரலும் அந்த ஆண்டு மாறியது. அதற்கு முன் ஊர்ப்பெயர் என்றால் குண்டும் செல்லும். இப்போது வடக்கிலிருந்து ஆட்கள் அழைத்துப் பாட்டுக் கேட்டார்கள், பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். தோழியின் குடும்பம் அடுத்த ஆண்டு திரும்பிப் போனது. போகும் முன் அவளிடம் ஒன்று கேட்டிருந்தேன்: ஊருக்குப் போனதும் சூரியனுக்கு ஃபோன் போட்டு என் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கேட்க வேண்டும். பல மாதம் மாலை நேர வாழ்த்துகளை ஒன்று விடாமல் கேட்டேன். பெயர் வரவில்லை. அவர்கள் ஊரில் தொலைபேசிக் கம்பமே நட்டிருக்க மாட்டார்கள் என்று பெரியப்பா சொன்னார்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ் என்பதால் எங்கள் தெருப் படகுகள் கரையில் கிடந்தன. கடலில் என்னவோ சரியில்லை என்று ஆண்கள் கரைக்கும் வீட்டுக்குமாக நடந்தார்கள். இலங்கைத் தீவே அரணாக நின்று மறைத்ததால் எங்களுக்குப் பெரிய சேதம் இல்லை. அந்த அரண் என்ன பாடுபட்டது என்பதைச் சூரியனில் கேட்டோம். கல்முனை, மருதமுனை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு. அழைத்துப் பேசியவர்கள் எந்த ஊர் என்று நாங்கள் ஊகித்து விளையாடிய அதே ஊர்கள். நாகப்பட்டினத்துச் சாவு தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவோ செட்டின் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல் போனார்கள். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் விளம்பரப் பாட்டுக்குக்கூட யாரும் வாயசைக்கவில்லை.

பிறகு போர் திரும்பியது. 2006 ஆகஸ்ட் இறுதியில், சூரியனின் செய்திப் பொறுப்பாளர் நடராஜா குருபரன் விடியற்காலை வேலைக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டார். நாங்கள் நாள்தோறும் கேட்ட செய்திக்குப் பின்னால் இருந்த மனிதர் அவர். மறுநாள் விடுவித்துவிட்டார்கள் என்று தெரியும்வரை பெரியப்பா சாப்பிடவில்லை. குருபரனின் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதே மாதங்களில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் புதிய அகதிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் செய்தியில் கேட்ட ஊரிலிருந்து மாலையில் ஆட்கள் வந்தார்கள்.

2007 அக்டோபரில் ஒரு நாள் முள்ளை வழக்கமான இடத்தில் வைத்தால் வெறும் இரைச்சல். காற்று மாறியிருக்கிறது என்றுதான் பெரியப்பா கம்பியைத் திருப்பினார். கிழக்கே, தெற்கே, மறுபடி கிழக்கே. காற்றில் குறையில்லை, சக்தி தெளிவாகவே எடுத்தது. இலங்கையின் தெற்கே நடந்ததாகச் சொன்ன விடுதலைப் புலிகளின் தாக்குதல் பற்றிய செய்தி பொய் என்று சொல்லி, சூரியனை நடத்திய ஏசியா பிராட்காஸ்டிங் நிறுவனத்தின் ஐந்து நிலையங்களின் உரிமத்தையும் அரசு ரத்து செய்துவிட்டது. சிங்களத்தில், ஆங்கிலத்தில், தமிழில் பேசிய ஐந்தும் ஒரே நேரத்தில் நின்றன. ஒரு செய்திக்காக ஐந்து வானொலியை அணைக்கலாம் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது, ஏற்க முடியவில்லை. செய்தி தவறென்றால் திருத்தம் கேட்கலாம், வழக்குப் போடலாம். போர் நெருங்கும் நேரத்தில் மக்களின் காதை மூடுவது குற்றம்.

சூரியன் பிற்பாடு திரும்பி வந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அது திரும்பியபோது எங்கள் வீட்டில் கைப்பேசி வந்துவிட்டது. நான் கல்லூரிக்கு மதுரை போய்விட்டேன். விடுதியில் நம் ஊர்ப் பண்பலைகளை முதன்முதலாக நாள் முழுக்கக் கேட்டேன். பாட்டு நல்ல பாட்டு, பேசியவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் மதுரையில் அன்று என்ன நடந்தது என்று அவர்கள் வாயால் ஒரு வார்த்தை வராது. செய்தி நேரம் வரும் என்று பழக்கதோஷத்தில் காத்திருப்பேன். அந்தத் தடையை எடுக்கச் சொல்லி நீதிமன்றம்வரை போய்ப் பார்த்தவர்கள் உண்டு. விதி இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு ஊரின் பெயரைச் சொல்லி விளம்பரம் வாங்கும் நிலையம் அந்த ஊரின் செய்தியைச் சொல்லக் கூடாது என்பதை விடச் சிறுமையான விதி ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

பாம்பனிலேயே 2016இல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 90.4இல் தொடங்கியது. மீனவர்களுக்காக, மீனவப் பிள்ளைகளே பேசும் நிலையம். காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா என்று நம் தமிழில் சொல்கிறார்கள். சக்தி குறைந்த சின்னக் கோபுரம். ஊர் கரைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் எட்டும். அரசியல் செய்திக்கு அங்கும் அனுமதி இல்லை. போன முறை ஊருக்குப் போனபோது பெரியப்பா அதைத்தான் வைத்திருந்தார். வானிலை முடிந்ததும் முள்ளைத் திருப்பினார். "இனி அந்தப் பக்கம் செய்தி" என்றார். இப்போது இரண்டு கரைக்கும் ஒரே நேரம்தான்.