சாயங்கால வெயிலும் கொஞ்சம் போட்டோஷாப்பும்

நான் எடுத்த படத்தை யாருக்காவது காட்டினால் "நல்லா இருக்கே, எங்க எடுத்தது?" என்று கேட்பவர்கள் ரொம்பக் கம்மி. முதல் கேள்வியே "எடிட் பண்ணதா?" என்பதுதான். ஆமாம் என்று சொன்னால் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். வத்தக்குழம்பு பிரமாதம்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள "பாக்கெட் மிக்ஸ்தாங்க"ன்னு பதில் வந்த மாதிரி.

அதனால் இதைப் பற்றி ஒருமுறை விலாவாரியா எழுதிடலாம்னு ஒரு எண்ணம்.

எனக்குக் கார் படம் எடுப்பது பொழுதுபோக்கு. சொந்தமாகக் கார் கிடையாது என்பது தனிக்கதை :-) நண்பர்களின் கார்களைத்தான் சனி, ஞாயிறு சாயங்காலத்தில் எங்காவது ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி எடுப்பது.

ஏன் சாயங்காலம்? கார் என்பது சக்கரம் வைத்த கண்ணாடி. பெயின்ட் மேல் இருக்கும் பளபளப்பில் எதிரில் இருக்கிற எல்லாமே தெரியும். மத்தியானம் எடுத்தால் மேலே ஒரே வெள்ளைப் பொட்டு, கீழே கருப்பு நிழல், கதவில் கேமராவோடு நிற்கிற நம்ம தொப்பை. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே போன பிறகு பாருங்கள், மொத்த வானமும் ஒரே பெரிய விளக்காக மாறிவிடும். வெளிச்சம் எல்லாப் பக்கமும் மெதுவாகப் பரவும். பானெட்டின் வளைவு, கதவில் ஓடுகிற மடிப்பு எல்லாம் அப்போதுதான் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

ஆனால் சென்னைக்காரனுக்கு இதில் ரெண்டு சிக்கல். ஒன்று, நம்ம கடல் கிழக்கே இருக்கிறது. மெரினாவில் சூரியன் கடலில் உதிக்கும், கட்டடங்களுக்குப் பின்னால் மறையும். தண்ணீரில் அஸ்தமனம் வேண்டுமென்றால் முட்டுக்காடு, கேளம்பாக்கம் பக்கம் மேற்கே தண்ணீர் தெரிகிற இடமாகத் தேடிப் போக வேண்டும்.

இரண்டு, நேரம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் கட்டுரைகளில் 'பொன்னிற ஒரு மணி நேரம்' என்று சொல்வார்கள். சூரியன் தொடுவானத்திலிருந்து ஆறு டிகிரி உயரத்துக்கு இறங்கியதிலிருந்து மறைகிற வரை என்று பொதுவாகக் கணக்கு. லண்டனில் ஜூன் மாதம் அது கிட்டத்தட்ட 50 நிமிடம். நாம் பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரியில் இருக்கிறோம், சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழும். நமக்குக் கிடைப்பது சுமார் 25 நிமிடம். மறைந்த பிறகு உருப்படியான வெளிச்சம் இன்னொரு 20 நிமிடம். அதற்குள் கண்ணாடி துடைத்து, ட்ரைபாட் போட்டு, "என்ன தம்பி, வண்டி ரிப்பேரா?" என்று நிறுத்திக் கேட்கும் நல்ல மனிதர்களுக்கும் பதில் சொல்லி முடிக்க வேண்டும்.

சரி, எடிட்டிங் மேட்டருக்கு வருவோம்.

'எடிட் பண்ணாத படம்' என்று ஒன்று டிஜிட்டலில் கிடையவே கிடையாது. சென்சாரிலிருந்து வருவது வெறும் எண்கள். அதை நிறமாக மாற்றி, காண்ட்ராஸ்ட் ஏற்றி, கூர்மையாக்கி ஜேபெக்காகக் கொடுப்பது கேமராவுக்குள் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர். அஸ்தமனத்தில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வைத்து எடுத்துப் பாருங்கள். "ஐயோ, ஒரே ஆரஞ்சா இருக்கே" என்று அதுவாகவே அந்த நிறத்தைக் குறைத்துவிடும். எதற்காக அவ்வளவு தூரம் போனோமோ அதையே கழுவி ஊற்றிவிடும்! எடிட் எப்படியும் நடக்கத்தான் போகிறது. நான் செய்வதா, கேமரா செய்வதா என்பதுதான் கேள்வி.

நான் ரா ஃபைலில் எடுப்பது அதற்காகத்தான். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. இருட்டில் கிடக்கும் டயரைக் கொஞ்சம் மேலே தூக்கினால் ராவில் டயர் வரும், ஜேபெக்கில் சேறு வரும்.

அப்புறம், நம் கண் வானத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்து ரெண்டையும் சரி செய்துகொள்ளும். கேமரா ஒரே கிளிக்கில் அதைச் செய்யத் திணறும். வானத்துக்கு அளந்தால் கார் கரி, காருக்கு அளந்தால் வானம் வெள்ளைத்தாள். அதனால் ட்ரைபாடில் வைத்து மூன்று படம், ஒவ்வொன்றும் முந்தையதைவிட நாலு மடங்கு வெளிச்சத்தில். வீட்டுக்கு வந்து லேயராக அடுக்கி, வானத்தை ஒன்றிலிருந்தும் காரை இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்ப்பேன். இதை ஏமாற்று என்று நான் நினைப்பதில்லை. அங்கே நின்றபோது என் கண் பார்த்தது அதைத்தான்.

டிஜிட்டல் வருவதற்கு முன்னாலும் இதே கதைதான். ஆன்சல் ஆடம்ஸ் 1941ல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊரில் எடுத்த நிலா படம் உலகப் பிரசித்தம். கல்லறைச் சிலுவைகளில் மறையும் சூரியனின் கடைசி வெளிச்சம், மேலே கும்மென்று கருத்த வானம். அந்த வானம் அவ்வளவு கருத்தது டார்க்ரூமில். வருடங்கள் போகப் போக அவர் அதை இன்னும் இன்னும் கருப்பாக்கிக்கொண்டே போனார். மறுபக்கம், 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் நெடுக்குவாட்டில் இடம் பத்தவில்லை என்று கீசா பிரமிடுகளை கம்ப்யூட்டரில் பக்கத்தில் நகர்த்திவிட்டார்கள். பெரிய சண்டையானது.

கார் விளம்பரத்தில் இது எங்கேயோ போய்விட்டது. 2016ல் தி மில் என்ற கம்பெனி 'பிளாக்பேர்ட்' என்று ஒரு வண்டி காட்டியது. வெறும் சட்டகமும் சக்கரமும். நீளம், அகலம் மாற்றிக்கொள்ளலாம். அதை ஓட்டிப் படம் பிடித்துவிட்டு, எந்தக் கார் வேண்டுமோ அதன் உடம்பை கம்ப்யூட்டரில் மாட்டிவிடலாம். காரே இல்லாமல் கார் விளம்பரம்! 2020லேயே போட்டோஷாப்பில் ஒரே பட்டனில் வானத்தை மாற்றும் வசதியும் வந்தாச்சு. கேளம்பாக்கத்துக்குப் போகாமலே அஸ்தமனம் ரெடி.

அப்போ கோடு எங்கே போடுவது? வெளிச்சத்தைத் தொடலாம், இரும்பைத் தொடக்கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தேன். என் நண்பன் ஒருவன் அதை ஐந்து நிமிடத்தில் உடைத்தான்.

அவன் அப்பாவின் ஆல்டோ, 2013 மாடல். அங்கிளுக்குப் பார்வை குறைந்து ஓட்டுவதை நிறுத்திவிட்டார். வண்டியை விற்று வரும் பணம் அவர் கண் ஆபரேஷனுக்கு. "நல்லா எடுத்துக் குடுடா, விளம்பரத்துல போடணும்" என்றான். எடுத்தேன். இடது பின் கதவில் ஒரு ஷேர் ஆட்டோ இடித்த பள்ளம். "மச்சி, அதை மட்டும் தூக்கிடு. ரெண்டு நிமிஷ வேலைதானே." முடியாதுடா, அது இரும்பு என்று என் விதியைச் சொன்னேன்.

பேசிக்கொண்டே மற்ற படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவன் ஒன்றில் நின்றான். "இதுல பள்ளமே இல்லையே?"

உண்மைதான். கதவில் தொடுவானக் கோடு விழும் கோணத்தில் நின்றால், பள்ளத்தில் அந்தக் கோடு நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். நாலடி தள்ளி, வெறும் வானம் மட்டும் கதவில் விழுகிற மாதிரி நின்றால் ஒன்றும் தெரியாது. பத்து நிமிட இடைவெளியில் எடுத்த ரெண்டு படம், ரெண்டிலும் எடிட் கிடையாது. "அப்ப இதைப் போட்டுடலாம். நீதான் எடிட் பண்ணலையே!" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் கேட்டதும் நியாயம். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் அந்த வீட்டுக்கு அப்போது பெரிசு. ஆனால் இந்தப் படத்தை நம்பி எங்கிருந்தோ ஒருத்தர் பஸ் ஏறி வருவார். அவருக்கு நான் கருவியால் மறைத்தேனா, வெயிலால் மறைத்தேனா என்பதில் என்ன வித்தியாசம்? போட்டோஷாப்பைவிட பெரிய எடிட்டர் சாயங்கால வெயில்தான். எதைத் தொட்டேன் என்பதைவிட, படத்தை யார் எதற்காக நம்பப் போகிறார் என்பதுதான் கோடு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடி போனேன். வீட்டு வாசலில், சப்பென்ற வெளிச்சத்தில், நாலு பக்கமும் எடுத்தேன். பள்ளத்தைக் கிட்டப்போய், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. "உன்னைக் கூப்பிட்டதே தப்புடா" என்றான். மூணு வாரம் சரியாகப் பேசவும் இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து வந்தவர் நேராகப் பின் கதவுக்குத்தான் போனாராம். "போட்டோல இருந்த மாதிரியேதாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏழாயிரம் குறைத்துக் கேட்டு வாங்கிப் போனார். அந்த ஏழாயிரம் இன்னும் என் கணக்கில் இருக்கிறது என்கிறான் நண்பன். பிரியாணியாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

அஸ்தமனப் படத்தையும் விடவில்லை. மூணு எக்ஸ்போஷர் சேர்த்து, மேலே போன கரண்ட் கம்பியை அழித்து, தரையில் கிடந்த பாலிதீன் பையைத் தூக்கிவிட்டு, பெரிய பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் எதையும் வாங்கப் போவதில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு அங்கிள் கிட்டப் போய் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நம்ம வண்டியாடா இது?" என்றாராம். ஆமாம்பா என்றிருக்கிறான். பாக்கியை நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிடாதீங்க :-)

பி.கு: சாயங்காலம் கார் எடுக்கப் போறவங்களுக்கு ரெண்டே டிப்ஸ். ஒயிட் பேலன்ஸை 'டேலைட்'டில் வைங்க. சூரியன் மறைஞ்சதும் கேமராவை மூடிட்டுக் கிளம்பிடாதீங்க, பார்க்கிங் லைட்டைப் போட்டுட்டு இன்னும் ஒரு பத்து நிமிஷம் இருங்க. நல்ல படம் அப்பதான் வரும், கொசுவும் அப்பதான் வரும்.