நெடுந்தீவில் ஒரு கொப்பி

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போக வேண்டும். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். நான் போனது சோளகக் காற்றுக் காலம். எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த வயதான பெண்களோ அரிசி மூட்டையையும் மருந்துப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். நடுக்கடலில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். 1985 மே 15ஆம் திகதி ‘குமுதினி’ படகில் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டது இந்தக் கடலில்தான். அவர் யாரை நினைத்துக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

நெடுந்தீவைப் பார்க்க வருகிறவர்கள் குதிரைகளையும் பெருக்க மரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்த்துவிட்டு மாலைப் படகில் திரும்பிவிடுவார்கள். எனக்கு மனதில் நின்றவை வேலிகள்தான். சாந்து எதுவும் இல்லாமல், முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள். சில மதில்களுக்குள் வீடு இருக்கிறது. சிலவற்றுக்குள் பனை வடலியும் பற்றையும்தான். மதில் மட்டும் விழாமல் நிற்கிறது.

நான் போன காரணம் ஒரு படிவம். குடும்பத் தலைமைப் பெண்களுக்குப் பனையோலைக் கைப்பணிப் பயிற்சி; வயது 18 முதல் 50 வரை. அந்த வயதெல்லையைப் போட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். அப்போது அது எனக்குத் தவறாகப் படவில்லை.

ஒரு மதிலோரம் 68 வயது அம்மா ஒருவர் படிவத்தை என்னிடமிருந்து வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு சிரித்தார்.

“ஐம்பதுக்குப் பிறகு நாங்கள் என்ன செய்யிறது, பிள்ளை? ஓலை வார எனக்கு ஒருத்தரும் பழக்கத் தேவையில்லை. இப்ப விரல் இறுகப் பிடிக்காது, அவ்வளவுதான். பேனை பிடிக்கலாம்.”

1990இல் தீவை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்களில் இவருடையதும் ஒன்று. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் மகனைக் கடைசியாகக் கண்டார். செட்டிகுளம் முகாமிலிருந்து விட்டபின் மருமகளோடும் பேத்தியோடும் தீவுக்கே திரும்பினார். மகனுக்காகக் கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றையும் வேறு யாரோ எழுத, இவர் பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார்.

“நான் சொன்னதுதான் அதில கிடக்கோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

இரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பை 65 வயதில் பேத்தியிடம் மறுபடி தொடங்கியது அதனால்தான். பேத்தி கண்டிப்பான ரீச்சராம். றகரம் ரகரம் மாறினால் பத்துத் தரம் எழுத வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது முதுமை பற்றிய ‘விலகல் கோட்பாட்டை’ மனப்பாடம் செய்தோம். வயதாகும்போது மனிதர் சமூகத்திலிருந்தும் சமூகம் மனிதரிலிருந்தும் விலகிக்கொள்வது இயல்பு என்று 1961இல் கமிங், ஹென்றி என்ற இருவர் எழுதியது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தவரை வைத்துச் செய்த ஆய்வு. பரீட்சையில் எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது. இந்த அம்மா எதிலிருந்தும் தானாக விலகவில்லை. வீடு, காணி, மகன் எல்லாம் பறிபோயின. மிச்சமிருந்தவரை எங்கள் படிவம் விலக்கியது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இந்த நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 சதவீதம். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முதியோர் சங்கங்களும் இருக்கின்றன. நான் போயிருந்த கூட்டங்களில் கொடுப்பனவு பற்றிப் பேசினோம், மூக்குக் கண்ணாடி பற்றிப் பேசினோம். அவை வேண்டியவைதான். ஆனால் ‘உங்களுக்கு என்ன செய்ய விருப்பம்?’ என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

அவர் உள்ளே போய் ஒரு 80 பக்கக் கொப்பியைக் கொண்டுவந்தார். அடிமட்டத்தால் கோடு போட்டு மூன்று நிரல்கள். முதலாவதில் எந்த மதில், எந்தக் கிணற்றடி. இரண்டாவதில் அங்கே இருந்தவர்களின் பெயர். மூன்றாவதில் இப்போது எங்கே: கனடா, கிளிநொச்சி, காலமானார், கனடா, பிரான்ஸ். வெறும் மதில்கள் ஒவ்வொன்றுக்கும் ஆட்களின் பெயர் இருந்தது. பின்னேரங்களில் இவர் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் வந்து கூடுகிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பார். கிணறு யாருடைய பங்கு என்பதில் ஒருநாள் பெரிய சண்டையாம். எழுத்துத் தெரிந்தவர் இவர் ஒருவரே என்பதால் தீர்ப்பும் இவருடையதுதான்.

தன் வீட்டுப் பக்கத்தை அவர் தானாகக் காட்டவில்லை. நான் தாளைப் புரட்டும்போது கண்டேன். மகனின் பெயர் மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. மூன்றாம் நிரல் வெறுமையாக இருந்தது.

“பேத்தி ஏதோ எழுத வெளிக்கிட்டவள். நான் விடேல்லை.”

திரும்பும் படகுக்கு நேரமாகிவிட்டது. மாவிலித்துறை வரை கூடவே நடந்து வந்தார். படிவத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. படகில் கால் வைக்கும்போதுதான் கூப்பிட்டார்.

“பிள்ளை, அடுத்தமுறை வரேக்கை ஒரு சீ.ஆர். கொப்பி கொண்டு வாங்கோ. மட்டை தடிச்சதாப் பாருங்கோ. இன்னும் மேற்குப் பக்கம் முழுக்கக் கிடக்கு.”