காலடியில் ஓடும் வெந்நீர்

ஜனவரியில் சோல் நகரில் அண்ணன் வீட்டில் தங்கினேன். வெளியே உறைபனி, உள்ளே வெறுங்காலுக்குத் தரை இதமாகச் சுட்டது. அதை 'ஒண்டோல்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் சமையலறை அடுப்பின் புகையும் அனலும் கல்தரைக்கு அடியில் ஓடுமாம். இப்போது சிமெண்டுக்குள் புதைத்த பிளாஸ்டிக் குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது.

அந்தக் குழாய்தான் அண்ணிக்குக் கவலை. கட்டடத்துக்கு 30 வயது. கீழ்வீட்டுப் பாட்டியின் கூரையில் ஈரக்கறை. நம் அடுக்குமாடிகளிலும் பார்த்த சங்கடம்தான்.

பழுதுபார்க்க வந்தவர் குழாய்களை அடைத்து அழுத்தம் ஏற்றினார். மானியின் முள் மெல்ல இறங்கியது. "சூடு கூடக்கூட பிளாஸ்டிக்கின் ஆயுள் குறையும். இன்று ஓரிடத்தை ஒட்டலாம், நாளை வேறிடம் கசியலாம்" என்றார்.

முழுதும் மாற்றத் தரையையே உடைக்கவேண்டும். வசந்தத்தில் உடைப்பதாகப் பாட்டியிடம் அண்ணன் வாக்குக் கொடுத்தார். அன்றிரவு சில்லிட்ட தரையில் கோட்டோடு படுத்தோம்.