ஒட்டுக்கத்திக்கு ஒரு பழைய அரம்

பல் மழுங்கிய அரத்துக்குப் பட்டறையில் மரியாதை கிடையாது. கேட் பட்டறை, லேத், மர அறுப்பு மில் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் பத்து, பன்னிரண்டு அங்குலத் தட்டை அரங்கள் துருவேறிக் கிடக்கும். கொஞ்ச நாளில் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விடும். விக்கிரமங்கலத்தில் என் வீட்டுக் கொட்டகையில் நான் கத்தி செய்வது அந்த அரங்களைக் கொண்டுதான். மடக்குக் கத்தி செய்வதில்லை. அலகும் காம்பும் ஒரே துண்டாக இருந்து, காம்பு மரப்பிடிக்குள் இறங்கி நிற்கும் கத்தி மட்டும். சமையலுக்குச் சில செய்வேன். மற்றதெல்லாம் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரி நாற்றங்கால்களில் ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு.

அரம் மற்ற இரும்பை ராவுகிற கருவி. ராவப்படும் இரும்பைவிட அது கடினமாக இருந்தாக வேண்டும். அதனால் நல்ல அரத்தின் எஃகில் கார்பன் 1 முதல் 1.2 சதவீதம் வரை இருக்கும். கொல்லர்கள் அரிவாளுக்கு எடுக்கும் லாரி ஸ்பிரிங் பட்டையில் 0.6 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கரும்பு வெட்டவும் கருவேல முள் கழிக்கவும் அந்தப் பட்டைதான் சரி. ஓங்கிப் போட்டாலும் தாங்கும். ஆனால் வாய் மெல்லியதாகவும் இருக்க வேண்டும், நாள் முழுக்க மழுங்காமலும் நிற்க வேண்டும் என்றால் ஊரில் சுலபமாகக் கிடைப்பதில் அரத்தை மிஞ்ச எதுவும் இல்லை. இந்த அளவு கார்பன் ஏறிய எஃகு நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவள்ளூரில் எஃகு உருக்கிய மூசைத் துண்டுகளை ஆராய்ந்து ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1994-ல் எழுதினார். மேல்நாட்டார் ‘ஊட்ஸ்’ என்று தேடி வாங்கிய அந்த எஃகிலும் கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல்தான். அப்படிப்பட்ட ஒன்றை எடைக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

எல்லா அரமும் தேறாது. மேல்தோலை மட்டும் கடினமாக்கிய மலிவு அரங்கள் நிறைய வருகின்றன. கிரைண்டரில் காட்டினால் தெரிந்துவிடும்: நல்ல எஃகின் பொறி கிட்டத்திலேயே வெடித்துக் கிளை கிளையாக விரியும், மலிவு அரத்தில் தோல் தேய்ந்ததும் பொறி கிளைவிடாமல் நீளமாக ஓடும். அதற்குப் பிறகும் நுனியைத் துணியால் சுற்றி, வைஸில் பிடித்து, ஒரு தட்டுத் தட்டி ஒடித்துப் பார்ப்பேன். ஒடிந்த முகம் சாம்பல் நிறமாக, மணி மணியாக இல்லாமல் நெருக்கமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பழைய ஜே.கே. அரங்களில் பெரும்பாலும் இப்படித்தான் பார்க்கிறேன்.

அந்த நுனி ஒரே தட்டில் ஒடிகிறதே, அதைத்தான் கத்தி செய்கிறவர் மறக்கக் கூடாது. அரத்தை அப்படியே கிரைண்டரில் தேய்த்துக் கூராக்கிக் கத்தி என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், முதல் நாள் நன்றாக வெட்டும். சிமென்ட் தரையில் விழுந்தால் இரண்டு துண்டு. அரத்துக்கு வேண்டிய கடினம் வேறு, கத்திக்கு வேண்டிய கடினம் வேறு. எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில்தான் என் வேலை முழுவதும் இருக்கிறது.

முதலில் முழுசாக மென்மையாக்க வேண்டும். கரி உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ரைஸ் மில்லிலிருந்து கொண்டுவந்த உமிச்சாம்பலுக்குள் புதைத்து மறுநாள் காலைவரை தொடாமல் விடுவேன். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சூட்டை வெளியே விடாது. உருக்காலைகளில் கொதிக்கும் எஃகுக் குழம்பின் மேலேயே அதைத்தான் மூடிபோல் தூவுகிறார்கள். இப்படி ஆறிய அரத்தை இன்னொரு அரத்தால் ராவலாம்.

பல்லை அலகில் ஒரு கோடுகூட மிச்சமில்லாமல் தேய்த்துவிடுவேன். அழகுக்காக முதுகோரம் பல் தெரிய விடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள், நான் ஒப்புவதில்லை. ஒவ்வொரு பல்லின் அடியும் ஒரு வெட்டு. பிறகு காய்ச்சி எண்ணெயில் இறக்கித் தோய்ச்சல் ஏற்றும்போது விரிசல் அங்கேதான் பிறக்கும். காம்பில் மட்டும் பல்லை விட்டுவைப்பேன், பிடிக்குள் ஊற்றும் அரக்கு அதைக் கவ்விக்கொள்ளும்.

தோய்ச்சலை மாலை மங்கும் நேரத்தில் வைத்துக்கொள்வேன். வெயிலில் இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றும். 770 டிகிரி வாக்கில் எஃகு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம், அலகு முழுவதும் பழுத்த கோவைப்பழ நிறம் ஒரே சீராக வரவேண்டும். நுனி மெல்லியது, முந்திக்கொண்டு வெளுக்கப் பார்க்கும். அதை அடிக்கடி நெருப்பை விட்டு விலக்க வேண்டும். பிறகு விரல் பொறுக்காத சூட்டில் இருக்கும் புங்கெண்ணெயில் நேர்க்குத்தாக இறக்கி, வாயும் முதுகும் போகும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைப்பேன். பக்கவாட்டில் அசைத்தால் கோணும். தண்ணீரில் தோய்த்தால் இவ்வளவு மெல்லிய அலகு பெரும்பாலும் வெடித்துவிடும். ஆறியதும் புது அரத்தை வாயில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் ஏறிவிட்டது.

இப்போது கத்தி மறுபடி அரம் மாதிரியே கடினமாக, ஒடியும் தன்மையோடு நிற்கும். அந்தக் கடினத்தை அன்றைக்கே கொஞ்சம் இறக்கிவிட வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. அலகை உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, இரும்புச் சட்டியில் காய்ந்த மணலில் முதுகை மட்டும் புதைத்து வாய் மேலே இருக்கும்படி நிறுத்துவேன். நிறம் முதுகிலிருந்து ஏறிவரும். முதலில் இளமஞ்சள், அதன் பின்னால் பழுப்பு, அதன் பின்னால் ஊதா. முதுகு ஊதாவாகும்போது வாய்க்கு இளமஞ்சள் வந்து சேரவேண்டும். வந்த நொடியில் தண்ணீர். இளமஞ்சள் என்றால் 220 டிகிரியை ஒட்டி. வாயும் பழுப்பாகிவிட்டால் சமையல் கத்திக்குப் பரவாயில்லை, ஒட்டுக்கத்திக்கு ஆகாது. தேய்த்து வெளுப்பாக்கி இன்னொரு முறையும் இதே மாதிரி செய்வேன். இதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. கண் எதிரே ஒரே துண்டு எஃகு, முதுகு வளையவும் வாய் நிற்கவும் கற்றுக்கொள்கிறது.

ஒட்டுக்கத்திக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். முந்திரியை விதை போட்டு வளர்த்தால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 மாதிரி ஒரு ரகம் வேண்டும் என்றால் ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும். இளம் நாற்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்புபோல் சீவிய தாய்க்குச்சியை அதில் செருகிக் கட்டுவார்கள். அந்த ஆப்பின் இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் சமமாக வரவேண்டும். மழுங்கிய கத்தி திசுவை நசுக்கும். நசுங்கினால் இரண்டும் சேராது, குச்சி காய்ந்துபோகும். அதனால் என் ஒட்டுக்கத்திக்குச் சாய்வு ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் தட்டை, குச்சியில் அதுதான் பதியும். ஆண்டிமடம் பக்கம் ஒட்டுக் கட்டும் அக்கா ஒருவர் வாங்கிப்போய்க் கொஞ்ச நாள் கழித்துச் சொன்னார்: “முன்னெல்லாம் மத்தியானத்துக்குள்ள ரெண்டு தடவ தீட்டணும் தம்பி. இது பொழுதுக்கும் வருது. ஆனா கறுத்துப்போச்சே?”

கறுக்கத்தான் செய்யும். இது எவர்சில்வர் இல்லை, முந்திரிப் பாலும் மாங்காய்ப் புளிப்பும் பட்டால் நிறம் மாறும். கறுப்பால் கெடுதல் இல்லை, செந்துருதான் தின்னும். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். தீட்டும்போது தட்டைப் பக்கத்தைச் சாய்க்காமல் கல்லோடு ஒட்டவைத்துத் தேய்க்கச் சொன்னேன். கிரைண்டர் பக்கமே போகக் கூடாது. சூட்டில் வாய் நீலமானால் ஏற்றிய தோய்ச்சல் எல்லாம் அங்கே போயிற்று. அவரோடு வேலை செய்கிற ஒருவருக்கு இடக்கைப் பழக்கமாம். வலக்கைச் சாய்வுக் கத்தி அவர் கையில் குச்சிக்குள் கோணி இறங்குகிறது. அவருக்காகச் சாய்வை மறுபக்கம் வைத்து ஓர் அலகை ராவி வைத்திருக்கிறேன். பூவரசுப் பிடி, பழைய பம்ப் ஸ்டவ் குழாயில் அறுத்த பித்தளைப் பூண். தோய்ச்சல் இன்னும் பாக்கி.