இறால் பண்ணைக் கட்டடத்துக்கு ஒரு நல்ல வேலை

சுண்ணாம்புக்குளத்தில் ஏரிக்கரையோரம் கூரை விழுந்து கிடக்கும் பழைய இறால் பண்ணைக் கட்டடத்தைப் பறவைகள் சரணாலய அலுவலகமாக்கலாம் என்று ஊரில் பேச்சு. எனக்குச் சம்மதம்தான். அந்தப் பண்ணையின் உப்புத்தண்ணீரில் எங்கள் கிணறு கெட்டது, நெல்லும் போனது. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், பழவேற்காடு ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அங்கே ஆடுகள்தான் குடியிருக்கின்றன.

சுவர் இன்னும் உறுதி. மேலே ஏறி நின்றால் பூநாரைக் கூட்டம் தெரியும். ஆனால், ‘உள்ளே வராதே’ என்று பலகை மாட்டுவதற்கு ஓர் அலுவலகம் வேண்டாம். ஏரியின் தமிழகப் பகுதி 1980-லேயே சரணாலயமாகிவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ இங்கே உண்டு. அந்தக் கூட்டம் இனி இந்தத் திண்ணையில் நடக்கட்டும். வனத்துறையினரும் கூட உட்காரட்டும். சாவி ஒன்று ஊரிடம் இருக்க வேண்டும்.