வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூருக்கு

வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்துக்கு என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அலுவலகம் மயிலாப்பூரில். திருமயிலை நிலையத்தில் இறங்கினால் அங்கேயும் பொடிநடைதான். டிக்கெட் 5 ரூபாய். சென்னையில் எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்? மாதவரத்தில் இருந்துகொண்டு பஸ் மாறி, ஷேர் ஆட்டோ மாறி வேலைக்குப் போகிறவர் கடன் வாங்கிக் கார் வாங்கினால், அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. என் கதை வேறு. தேவையே இல்லாமல், ஐந்து பேர் உட்காரும் காரில் தனி ஆளாகத் தினமும் போய் வருகிறேன்.

கேட்பவர்களுக்குச் சொல்லப் பதில்கள் வைத்திருக்கிறேன். பறக்கும் ரயில் நிலையங்கள் ஆளரவமில்லாத மண்டபங்கள் மாதிரி கிடக்கின்றன, இருட்டினால் பெண்கள் தனியாகப் போகப் பயப்படுகிறார்கள் என்பேன். உண்மைதான். ஆனால் நான் ஆண். சாயங்காலக் கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்புகிறவன். பெண்களுடைய பயத்தை எடுத்து என் சோம்பலுக்கு வக்காலத்து வாங்க வைத்திருந்தேன். அடுத்தது அம்மாவின் முழங்கால். அதற்கு ஆட்டோவே போதும், ஏறி இறங்கச் சுலபம் என்று அம்மாவே சொல்லியாயிற்று. அப்புறம், நேரம் மிச்சமாகிறதாம். மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது பக்கத்திலேயே கஸ்தூரிபா நகர் ரயில் நிலையம். எனக்குப் பச்சை விழுவதற்குள் ரயில் மயிலாப்பூரைத் தொட்டிருக்கும்.

பணக் கணக்கில்தான் என்னை நானே நன்றாக ஏமாற்றிக்கொண்டேன். மாதத் தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் வண்டி வாசலில் சும்மா நின்றாலும் போகிற காசு. அது ஏற்கெனவே போய்விட்டது என்பதால் காலையில் சாவியை எடுக்கும்போது பெட்ரோல் மட்டும்தான் செலவாகத் தெரியும். அது மட்டுமா, கட்டிய பணத்துக்கு ஓட்டாமல் விட்டால்தான் நஷ்டம் என்று தோன்றும். ஆக, கார் வாங்கியவன் ரயிலேறுவது வீண்செலவு! இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நாள் சரியாகவே பட்டது.

உண்மைக் காரணத்துக்கு வருகிறேன். இரண்டு அறை வீட்டில் அம்மாவின் சீரியல், பிள்ளைகளின் சண்டை. அலுவலகத்திலோ தடுப்பில்லாத கூடம். கதவைச் சாத்திக்கொள்ள எனக்கென்று இருக்கிற ஒரே அறை அந்தக் கார்தான். ஏசியைப் போட்டு, இளையராஜாவைப் போட்டு, கூடவே வாய்விட்டுப் பாடவும் செய்வேன். இதுவரை சொல்ல வெட்கமில்லை. இனிமேல் வருவதுதான் வெட்கம். எதிர் சீட்டுக்காரரின் முழங்கால் என் முழங்காலில் இடிக்கக்கூடாது. அவருடைய வியர்வை என் சட்டையில் படக்கூடாது. ஸ்கூட்டரில் போனபோது "யாரைப் பாக்கணும்?" என்று கேட்ட செக்யூரிட்டி, காரைப் பார்த்ததும் கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தாரே, அது எனக்கு வேண்டும். சமத்துவம் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் எனக்குப் பார்க்கிங் இல்லை. தெருவில் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அங்கே முன்பே ஓர் இஸ்திரி வண்டி உண்டு. "சார், ரெண்டடி தள்ளி வுட்டீங்கன்னா நானும் நெழல்ல நிப்பேன்" என்றார் இஸ்திரிக்காரர். என்னைவிட மூத்தவர். சரி என்று தலையாட்டிவிட்டு, கரித்தணல் தெறித்தால் என் பெயின்ட் போய்விடும் என்று அசோசியேஷனில் புகார் சொன்னேன். அவர்கள் அவரை எதிர்ச் சுவரோரம் அனுப்பிவிட்டார்கள். மதியம் அங்கே வெயில் அறைகிறது. இலவசமாக வண்டி நிறுத்தும் இடத்துக்கு யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005இல் எழுநூறு பக்கத்துக்கு மேல் எழுதினார். எங்கள் தெருவில் அந்த யாரோ இவர்தான். துணியை இன்றும் அவரிடமே போடுகிறேன். அவர் ஒன்றும் கேட்பதில்லை. நானும் பையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

2024 அக்டோபரில் கனமழைக்கு ரெட் அலர்ட் விட்டார்கள். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அந்த வரிசையில் என்னுடையதும் ஒன்று. பஸ்ஸும் ஆம்புலன்ஸும் போகிற பாலம். அபராதம் போட்டால் கட்டிவிட்டுப் போகலாம், இன்ஜினில் தண்ணீர் ஏறினால் ஆகிற செலவுக்கு இது எவ்வளவோ மேல் என்று அங்கே நின்று பேசிக்கொண்டோம். இஸ்திரி வண்டியை எங்கே ஏற்றுவது என்று யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

வண்டி பாலத்தில் இருந்ததால் ரயிலேறினேன். உட்கார இடம் கிடைத்தது. வழக்கத்தைவிட முன்னதாகவே அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். யார் முழங்காலும் இடிக்கவில்லை. பயந்த அளவுக்கு அந்தத் தடவை மழையும் பெய்யவில்லை. வானம் தெளிந்ததும் காரை இறக்கி வந்து வேப்பமரத்தடியில் விட்டேன். மறுநாள் அதில்தான் வேலைக்குப் போனேன்.